கோயில் வெப்சைட் பெயருக்கு "கடைசி அறிவிப்பு" என்று கடிதம்: பணம் கட்டலாமா?

#1 மண்டபச் செயலாளர் (சாட்ஸ்வொர்த், தென்னாப்பிரிக்கா)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் கோயில் கமிட்டிக்குத் தபாலில் ஒரு கடிதம் வந்திருக்கிறது. வெளிநாட்டு முகவரி. மேலே கொடி போட்ட முத்திரை, நடுவில் கோயில் வெப்சைட்டின் டாட் ஆர்க் பெயர் (டொமைன்), எழுத்துப் பிசகாமல் அச்சடித்திருக்கிறார்கள். காலாவதித் தேதியும் போட்டிருக்கிறது. ஒரு வருடத்துக்கு ஒரு விலை, ஐந்து வருடம் சேர்த்துக் கட்டினால் தள்ளுபடி, எல்லாம் டாலரில். கீழே கார்டு நம்பர் எழுதக் கட்டம், கையெழுத்துக்கு ஒரு கோடு, திருப்பி அனுப்ப ஓர் உறை.

பொருளாளர் அண்ணன் "கட்டித் தொலைத்துவிடலாம், தைப்பூசத்துக்கு முன்னால் சைட் நின்றுபோனால் ஊரே நம்மைத்தான் திட்டும்" என்கிறார். அவர் பயத்திலும் நியாயம் இருக்கிறது. காவடித் தேதி, மண்டப புக்கிங், ஆடி மாதக் கூழ் ஊற்றும் நாள், நன்கொடைக்கான வங்கிக் கணக்கு எண் எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

அதே வாரத்தில் ஓர் ஈமெயிலும் வந்தது. சீனாவில் ஏதோ ஒரு கம்பெனி எங்கள் கோயில் பெயரை டாட் சிஎன், டாட் ஏஷியா என்று பதிவு செய்யக் கேட்டிருக்கிறதாம். எங்களுக்கு ஆட்சேபம் உண்டா என்று அவசரமாகத் தெரிவிக்க வேண்டுமாம். "இதை உங்கள் சிஇஓவிடம் சேர்ப்பிக்கவும்" என்று முதல் வரியிலேயே இருக்கிறது. எங்கள் கோயிலுக்கு சிஇஓ மாரியம்மன்தான்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். என்ன சொல்லட்டும்?

#2 டொங்காட் பையன்

கட்டாதீர்கள் அண்ணே. இரண்டையும் குப்பையில் போடுங்கள். இனிமேல் டொமைன் என்று எது வந்தாலும் டெலீட். நான் அப்படித்தான்.

#3 ஜோபர்க் நிரலன் (லெனேசியா)

கட்ட வேண்டாம், சரி. ஆனால் குப்பையில் போடாமல் கூட்டத்துக்கு எடுத்துக்கொண்டு போங்கள். எல்லோரும் ஒருமுறை கண்ணால் பார்த்தால்தான் அடுத்த தடவை ஏமாறமாட்டார்கள்.

கடிதத்தின் அடியிலோ பின்பக்கத்திலோ பொடி எழுத்தில் "இது பில் அல்ல" என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். பக்கத்திலேயே, கையெழுத்துப் போட்டால் உங்கள் டொமைனை அவர்களிடம் மாற்றிக்கொள்ளச் சம்மதிப்பதாக இன்னொரு வரி இருக்கும். புதுப்பித்தல் மாதிரி வேடம் போட்ட இடமாற்ற விண்ணப்பம் இது. நீங்கள் இப்போது யாரிடம் பதிந்திருக்கிறீர்களோ அந்த ரெஜிஸ்ட்ராரை விட்டுவிட்டு, பல மடங்கு விலை கேட்கிற இன்னொருவரிடம் போகிறீர்கள். அவ்வளவுதான் அதற்கு அர்த்தம்.

இது பழைய வித்தை. டொமைன் ரெஜிஸ்ட்ரி ஆஃப் அமெரிக்கா என்ற பெயரில் இதே மாதிரிக் கடிதங்களை உலகம் முழுக்க அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 2003இல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் அவர்களைக் கோர்ட்டுக்கு இழுத்தது. அப்புறமும் கடிதம் நிற்கவில்லை. 2014இல் டொமைன் பெயர்களை உலக அளவில் மேற்பார்க்கும் ஐகேன் அமைப்பு அதன் பின்னால் இருந்த ரெஜிஸ்ட்ராரின் உரிமத்தைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தது. பெயரை மாற்றிக்கொண்டு இன்னும் பலர் அதே அச்சில் அனுப்புகிறார்கள்.

தேதி எப்படித் தெரிந்தது என்று பொருளாளர் கேட்பார். காலாவதித் தேதி ஹூயிஸ் என்ற பொதுப் பதிவில் உலகத்துக்கே திறந்து கிடக்கிறது. 2018இல் ஐரோப்பாவின் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தபிறகு பதிவில் உள்ள பெயரையும் முகவரியையும் பெரும்பாலும் மறைத்துவிட்டார்கள், தேதியை மறைக்கவில்லை. கோயில் முகவரி உங்கள் சைட்டிலேயே இருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கடிதம் அடிக்க ஒரு சின்ன புரோகிராம் போதும்.

ஒரு ஆறுதல்: டாட் ஆர்க், டாட் காம் பெயர்களைப் பணம் கட்டியதால் மட்டும் நகர்த்திவிட முடியாது. இடமாற்றப் பூட்டைத் திறக்க வேண்டும், இபிபி கோடு என்ற ரகசியக் குறியீட்டைக் கொடுக்க வேண்டும். ஆனால் அவர்களுக்கு அது தெரியாதா என்ன? முதலில் பணத்தை வாங்கிக்கொள்வார்கள். பிறகு "உங்கள் புதுப்பித்தலை முடிக்க இந்தக் கோடு மட்டும் தேவை" என்று பணிவாக ஒரு மெயில் வரும். பணம் கட்டியாயிற்றே என்று நாமே ஓடிப்போய் வாங்கிக் கொடுப்போம்.

முதல் வேலை: ஐகேனின் லுக்அப் பக்கத்தில் உங்கள் பெயரைத் தேடுங்கள். ரெஜிஸ்ட்ரார் யார், காலாவதித் தேதி என்ன, ஸ்டேட்டஸ் வரிசையில் "கிளையன்ட் டிரான்ஸ்ஃபர் புரோஹிபிட்டட்" (அதுதான் பூட்டு) என்று இருக்கிறதா. இந்த மூன்றையும் இங்கே எழுதுங்கள். அப்புறம் பேசலாம்.

#4 கணக்குப்பிள்ளை (ஃபீனிக்ஸ்)

நான் இரண்டு சங்கங்களுக்குக் கணக்குப் பார்க்கிறேன். பொருளாளரைக் குறை சொல்லாதீர்கள். பில் வந்தால் கட்டுவதுதான் அவர் வேலை, அந்தக் கடிதமும் அவரைக் குறிவைத்தே எழுதப்பட்டது. வெப்சைட் பார்த்துக்கொள்கிற பையனுக்கு அனுப்பினால் சிரித்துவிட்டுக் கிழித்துப் போடுவான் என்று அவர்களுக்குத் தெரியும்.

நான் செய்வது சின்னது. வருடா வருடம் வருகிற கட்டணங்களுக்கு ஒரு தாள். யாருக்கு, எந்த மாதம், தோராயமாக எவ்வளவு ரேண்ட், யார் மூலமாக. டொமைனும் அதில் ஒரு வரி. பில்லில் உள்ள பெயர் தாளில் இல்லையென்றால் பணம் நகராது, யார் அவசரப்படுத்தினாலும் சரி. இந்த ஒரு தாளால் போலி டிரேட்மார்க் பில், போலி விளம்பர டைரக்டரி பில் எல்லாம் கூட நின்றுபோயின. அவையும் இதே ஜாதிதான்.

சட்டம் கேட்கிறவர்களுக்கு: நம் நாட்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2008ஆம் ஆண்டின் 68ஆவது சட்டம், 21ஆவது பிரிவைப் பாருங்கள். கேட்காமல் அனுப்பிய பொருளுக்கோ சேவைக்கோ பணம் கட்ட வேண்டிய கடமை நமக்கு இல்லை. கட்டிவிட்ட பணத்தை வெளிநாட்டிலிருந்து அது மீட்டுத் தருமா என்று கேட்காதீர்கள். கட்டாமல் இருக்கத் தைரியம் தரும்.

#5 மொரீஷியஸ் மீனாட்சி (போர்ட் லூயிஸ்)

சீன மெயிலுக்குப் பதில் எழுதவே வேண்டாம். எங்கள் கடைக்கும் வந்தது, இங்கே பலருக்கும் வந்திருக்கிறது. உங்கள் பெயரை வாங்க நினைக்கிற அந்தக் கம்பெனி என்ற ஒன்றே கிடையாது. நீங்கள் "ஐயோ, ஆட்சேபம் இருக்கிறது" என்று எழுதினால், "அப்படியானால் நீங்களே முந்திப் பதிவு செய்யுங்கள்" என்று டாட் சிஎன், டாட் ஹெச்கே, டாட் ஏஷியா எல்லாவற்றையும் கொழுத்த விலைக்கு உங்கள் தலையில் கட்டுவார்கள். சாட்ஸ்வொர்த் மாரியம்மன் பெயரை சீனாவில் யார் திருடப் போகிறார்கள், நீங்களே யோசித்துப் பாருங்கள்.

#6 மண்டபச் செயலாளர் (சாட்ஸ்வொர்த்)

எல்லோருக்கும் நன்றி. பொடி எழுத்து இருக்கிறது! பூதக்கண்ணாடி வைத்துத்தான் படிக்க வேண்டியிருந்தது.

தம்பி சொன்னபடி தேடினேன். பூட்டு இருக்கிறது. காலாவதிக்கு இன்னும் சில மாதம் பாக்கி. ரெஜிஸ்ட்ரார் என்று ஒரு கம்பெனி பெயர் வருகிறது, கமிட்டியில் ஒருவருக்கும் அந்தப் பெயர் தெரியவில்லை. விசாரித்ததில் இப்படி: சைட்டை முதலில் செய்து கொடுத்தது எங்கள் தேவாரம் வகுப்பில் படித்த ஒரு பையன். இப்போது ஆஸ்திரேலியாவில் இருக்கிறான். அவன் பெயரில், அவன் ஈமெயிலில் பதிந்திருக்கிறான். வருடா வருடம் அவன் கார்டிலிருந்தே பணம் போய்க்கொண்டிருக்கிறது. ஒருவரும் அவனுக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை. இது தெரிந்ததும் தலைவருக்கு முகமே இல்லை.

கோ.இசட்ஏ என்று முடியும் நம் நாட்டுப் பெயரும் ஒன்று வைத்திருக்கிறோம். அது முந்தைய செயலாளர் ஐயா பெயரில். அவர் காலமாகிவிட்டார். பதிவில் இருக்கும் ஈமெயில் கோயில் டொமைனிலேயே உள்ள முகவரி. அதன் பாஸ்வேர்டு யாரிடம் என்று தெரியவில்லை.

#7 ஜோபர்க் நிரலன் (லெனேசியா)

எய்ஷ். செயலாளர் அண்ணே, கடிதத்தை மறந்துவிடுங்கள். இப்போது நீங்கள் எழுதியதுதான் பெரிய விஷயம்.

டொமைன் யாருடையது? பணம் கட்டுகிறவருடையதும் இல்லை, கோயில் பெயர் அதில் இருப்பதால் கோயிலுடையதும் இல்லை. பதிவில் ரெஜிஸ்ட்ரன்ட் என்ற இடத்தில் எழுதியிருக்கிறவருடையது. நடைமுறையில் அதையும் விடச் சுருக்கம்: பதிவில் உள்ள ஈமெயிலைத் திறக்கக்கூடியவருடையது. பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று அழுத்தினால் புது பாஸ்வேர்டு அந்த மெயிலுக்குத்தான் போகும். இடமாற்றச் சம்மதம் கேட்கும் கடிதமும் அங்கேதான் போகும்.

கோ.இசட்ஏவில் இது இன்னும் கூர்மை. டாட் காம் மாதிரி ரகசியக் கோடு அங்கே கிடையாது. யாராவது புது ரெஜிஸ்ட்ரார் மூலமாக உங்கள் பெயரை மாற்றக் கேட்டால், பதிவில் உள்ள ரெஜிஸ்ட்ரன்டின் ஈமெயிலுக்கு ஒரு செய்தி போகும், சம்மதமா மறுப்பா என்று. அந்த ஈமெயில்தான் மொத்தப் பாதுகாப்பும். உங்களுக்கோ அந்தப் பெட்டியைத் திறக்க ஆளில்லை. மூடிக்கிடப்பதால் பத்திரம் என்று நினைக்காதீர்கள். வேறு யாராவது அதற்குள் நுழைந்துவிட்டாலும் உங்களுக்குத் தெரியாது.

ஈமெயில் கோயில் டொமைனிலேயே இருப்பதுதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துக் கதவை இழுத்துச் சாத்திய கதை. பெயர் காலாவதியானால் மெயிலும் நிற்கும். பெயரைத் திருடினால் மெயிலும் திருடனுக்கே போகும், ஏனென்றால் மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்வதும் அந்தப் பெயருக்கான வழிகாட்டிப் பதிவான டிஎன்எஸ்தான். "உங்கள் பெயர் திருடப்பட்டது" என்ற எச்சரிக்கையைத் திருடனே படிப்பான். பதிவு ஈமெயில் எப்போதும் வேறு ஓர் இடத்தில் இருக்க வேண்டும்.

நன்கொடைக் கணக்கு எண் அந்த சைட்டில் இருக்கிறது என்றீர்களே. திருடுகிறவன் சைட்டைக் கெடுக்கவே மாட்டான். அப்படியே வைத்துக்கொண்டு, அந்த எண்ணை மட்டும் மாற்றுவான். தைப்பூச வாரத்தில் ஈஎஃப்டி (ஆன்லைன் வங்கிப் பரிமாற்றம்) போடுகிறவர்களில் எத்தனை பேர் கோயிலுக்கு போன் செய்து எண்ணைச் சரிபார்ப்பார்கள்?

#8 டொங்காட் பையன்

அதற்குத்தான் சொன்னேன், எல்லா மெயிலையும் டெலீட் செய்தால் ஒருவனும் ஒன்றும் செய்ய முடியாது. சம்மதம் கேட்டால் பதில் சொல்லாதே. முடிந்தது.

#9 ஜோபர்க் நிரலன் (லெனேசியா)

தம்பி, கோபிக்காமல் கேள். டாட் காம், டாட் ஆர்க் பெயர்களில் பதில் சொல்லாமல் இருப்பது சம்மதம். ஐகேன் விதியே அப்படித்தான். பூட்டு திறந்து, கோடும் சரியாகக் கொடுக்கப்பட்டு, இடமாற்றம் தொடங்கிவிட்டால், பழைய ரெஜிஸ்ட்ரார் உனக்கு ஒரு மெயில் அனுப்புவார். 5 நாளுக்குள் நீ மறுக்கவில்லை என்றால் பெயர் போய்விடும். உன் டெலீட் பட்டன் திருடனுக்குப் பச்சைக்கொடி.

இன்னொன்றும் உண்டு. புதிதாகப் பதிந்தாலோ பதிவில் ஈமெயிலை மாற்றினாலோ, அது சரியான முகவரிதானா என்று ரெஜிஸ்ட்ரார் ஒரு லிங்க் அனுப்பி உறுதி கேட்பார். 15 நாளுக்குள் அழுத்தவில்லையென்றால் பெயரை முடக்கலாம். மோசடி மெயில் என்று நினைத்து அதை அழித்துவிட்டு, சைட் ஏன் திடீரென்று காணோம் என்று தேடுகிறவர்கள் நிறைய.

அதனால் மெயிலை அழிக்கவும் வேண்டாம், அதில் உள்ள லிங்க்கை அழுத்தவும் வேண்டாம். ரெஜிஸ்ட்ராரின் முகவரியை நாமே பிரௌசரில் தட்டி, உள்ளே லாகின் செய்து பார்க்க வேண்டும். உண்மையான விஷயமாக இருந்தால் பெரும்பாலும் அங்கேயும் தெரியும். தெரியவில்லையா, அவர்கள் தளத்தில் உள்ள எண்ணுக்கு போன் போடு.

#10 மாரிட்ஸ்பர்க் வக்கீல்

இளைஞர்கள் சண்டையில் ஒரு கிழவன் நுழைவதற்கு மன்னிக்கவும். பேப்பரில் வந்த கடிதத்தால் பெயர் போகாது என்று யாரும் நினைக்க வேண்டாம். சட்டம் படித்தவர்களுக்குத் தெரிந்த ஒரு வழக்கு இருக்கிறது. கோயில் பற்றிய இழையில் அந்தப் பெயரை எழுதக் கை கூசுகிறது, ஆனால் வேறு வழியில்லை: செக்ஸ் டாட் காம்.

கேரி கிரெமென் என்பவர் 1994இல் பதிந்து வைத்தார். 1995இல் ஸ்டீபன் கோஹன் என்ற மோசடிக்காரர், கிரெமெனின் கம்பெனியிலிருந்து எழுதியது போல ஒரு பொய்க் கடிதம் தயாரித்து, அந்தப் பெயரின் ரெஜிஸ்ட்ராரான நெட்வொர்க் சொல்யூஷன்ஸுக்குக் கொடுத்தார். அந்தக் கம்பெனியின் பெயர் ஆன்லைன் கிளாசிஃபைட்ஸ். "எங்களிடம் நேரடி இணைய இணைப்பு இல்லை, அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறோம்" என்று அந்தக் கடிதத்தில் இருந்தது! பெயரிலேயே ஆன்லைன் வைத்திருக்கும் கம்பெனிக்கு இணைப்பு இல்லையாம். அதையும் நம்பிப் பெயரை மாற்றிக் கொடுத்தார்கள். கிரெமென் வருடக்கணக்கில் வழக்காடிப் பெயரை மீட்டார். 2001இல் 6.5 கோடி டாலர் இழப்பீடு தீர்ப்பானது, கோஹனோ நாட்டை விட்டே போய்விட்டார். 2003இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் டொமைன் பெயரும் சொத்துதான், அதைத் தவறான ஆளிடம் கொடுத்த ரெஜிஸ்ட்ரார் பொறுப்பேற்க வேண்டிவரும் என்றது.

இப்போது செயலாளரின் விஷயத்துக்கு வருகிறேன். காலமானவர் பெயரில் உள்ள கோ.இசட்ஏவுக்கு ரெஜிஸ்ட்ரார் ஆவணம் கேட்பார், கேட்கவும் வேண்டும். கேட்காமல் மாற்றித் தருகிறவர் நாளைக்கு வேறொருவருக்கும் அப்படியே மாற்றித் தருவார். கோயிலின் அமைப்பு விதி, என்பிஓ (லாப நோக்கற்ற அமைப்பு) பதிவுச் சான்றிதழ், யார் கையெழுத்திடலாம் என்ற கமிட்டித் தீர்மானத்தின் நகல், கோயில் கணக்கிலிருந்து அந்தப் பெயருக்குப் பணம் போன ரசீதுகள், இறப்புச் சான்றிதழ், இவற்றைத் திரட்டுங்கள். அந்த ஐயாவின் குடும்பத்திடம் நேரில் போய்ப் பேசுங்கள். ஹைகோர்ட் மாஸ்டர் அலுவலகம் இறந்தவரின் சொத்தை நிர்வகிக்க எக்ஸிகியூட்டர் ஒருவரை நியமித்திருந்தால் அவர் ஒரு கடிதம் கொடுத்தால் வேலை சுலபம். அவர் விட்டுப்போன சொத்து 250,000 ரேண்டுக்கு உட்பட்ட சின்ன எஸ்டேட் என்றால் அதிகாரக் கடிதம் பெற்றவர் போதும்.

இது மோசடி இல்லை என்பதால் போலீஸ், வழக்கு என்று குதிக்க வேண்டாம். நிஜமாகவே யாராவது திருடினால் வேறு பேச்சு. 2020ஆம் ஆண்டின் சைபர் குற்றச் சட்டம், பெரும்பகுதி 2021 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இணைய மோசடி, இணையப் போலி ஆவணம் இரண்டும் அதில் குற்றம். ஸ்டேஷனில் கேஸ் நம்பர் வாங்கினால் ரெஜிஸ்ட்ராரிடம் பேசும்போது அதற்கு மதிப்புண்டு. டாட் இசட்ஏ பெயர்களில் ஒருவர் அடுத்தவர் பெயரைக் கெட்ட நோக்கத்தில் பதிந்தால், கோர்ட்டுக்குப் போகாமல் தீர்க்க 2006 முதல் ஒரு மாற்று வழி இருக்கிறது. தென்னாப்பிரிக்க அறிவுசார் சொத்துச் சட்டக் கழகம் அந்தத் தகராறுகளை நடத்துகிறது.

#11 ஓவர்போர்ட் கேட்டரிங் அக்கா

எனக்கு மெயிலே வரவில்லை, போன்தான் வந்தது. ரெஜிஸ்ட்ரார் ஆபீஸிலிருந்து பேசுவதாகச் சொன்னான். நல்ல லானி இங்கிலீஷ், மேல்தட்டு ஆள் மாதிரி. "உங்கள் டொமைனை யாரோ மாற்றப் பார்க்கிறார்கள், தடுக்க வேண்டுமானால் இப்போது வந்த ஆறு எண்ணைச் சொல்லுங்கள்" என்றான். எஸ்எம்எஸ் நிஜமாகவே வந்தது. அந்த எஸ்எம்எஸ்ஸிலேயே "யாரிடமும் பகிராதீர்கள்" என்று எழுதியிருந்தது, நான் அதைப் படித்துக்காட்டியதும் லைனைக் கட் செய்துவிட்டான். என் மகள் அன்றைக்கே எஸ்எம்எஸ் வேண்டாம் என்று, போனிலேயே எண் காட்டுகிற ஆத்தென்டிகேட்டர் ஆப் போட்டுவிட்டாள். இந்த நாட்டில் சிம் ஸ்வாப் (நம் போன் எண்ணைத் திருடன் தன் சிம்முக்கு மாற்றிக்கொள்வது) நடக்கிற நடப்புக்கு எஸ்எம்எஸ்ஸை நம்பி எதையும் வைக்கக்கூடாது என்கிறாள்.

#12 இசிபிங்கோ ரவுடிபேபி

ஒரு சந்தேகம். பத்து வருடத்துக்கு மொத்தமாகக் கட்டிவிட்டால் இந்தத் தலைவலியே இருக்காதே?

#13 ஜோபர்க் நிரலன் (லெனேசியா)

டாட் காம், டாட் ஆர்க்கில் அதிகபட்சம் 10 வருடம் கட்டலாம். கோ.இசட்ஏவில் வருடாவருடம் புதுப்பிப்பதுதான் வழக்கம், சுமார் 100 ரேண்ட்தான் ஆகும். நீளமாகக் கட்டினால் காலாவதி பயம் போகும், திருட்டு பயம் போகாது. பத்து வருடத்தில் கமிட்டி மாறும், கார்டு மாறும், ஈமெயில் சாகும், அப்படி ஒரு பெயர் இருப்பதையே மறந்துவிடுவார்கள்.

பெர்ல் டாட் காம் கதையைப் பாருங்கள். பெர்ல் என்ற புரோகிராம் மொழியின் ஆட்கள் வைத்திருந்த பெயர், கணினி தெரிந்தவர்கள்தான். 2021 ஜனவரியில் ஒருநாள் சைட் வேறெங்கோ போகிறது. தோண்டிப் பார்த்தால் கணக்கு 2020 செப்டம்பரிலேயே கைமாறியிருக்கிறது. போலி ஆவணம் காட்டி ரெஜிஸ்ட்ராரை ஏமாற்றியிருக்க வேண்டும் என்பது அவர்கள் ஊகம். இடையில் மாதக்கணக்கில் சத்தமே இல்லை. பதிவு விவரம் மாறினால் 60 நாள் இடமாற்றத் தடை உண்டு என்பதால் திருடன் பொறுமையாகக் காத்திருந்திருக்கிறான் போல. அந்த இடைவெளியில் யாராவது ஒருதரம் ஹூயிஸ் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பிப்ரவரியில் பெயர் திரும்பி வந்தது. பெர்ல் ஆட்களுக்கு உலகம் முழுக்க நண்பர்கள். நம் கோயிலுக்காக யார் அவ்வளவு ஓடுவார்கள்?

ஆகவே மாதம் ஒருமுறை, அமாவாசையோ பௌர்ணமியோ உங்கள் வசதி, ஹூயிஸ் பாருங்கள். ரெஜிஸ்ட்ரார், தேதி, நேம்சர்வர் (பெயர் எந்த சைட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லும் சர்வர்). ஒரு நிமிடம்.

#14 கணக்குப்பிள்ளை (ஃபீனிக்ஸ்)

அதெல்லாம் சரி, யாரிடம் பாஸ்வேர்டு இருக்கும்? இதை யாரும் பேசவில்லை. நான் பார்த்தவரை கோயில் பெயர்களுக்கு ஆபத்து வெளிநாட்டுக் கடிதத்தால் வருவதை விட அடுத்த தேர்தலால் வருவதுதான் அதிகம். ஒரு சங்கம், பெயர் வேண்டாம், தேர்தலில் தோற்ற பிரிவு சைட்டையும் ஃபேஸ்புக் பக்கத்தையும் கையில் வைத்துக்கொண்டு "நாங்கள்தான் உண்மையான கமிட்டி" என்று அறிவித்தது. புதுக் கமிட்டி வேறு பெயரில் வேறு சைட் தொடங்கியது. இரண்டிலும் வேறு வேறு வங்கி எண். சனங்கள் எதற்குப் பணம் போடுவார்கள்? இரண்டுக்கும் போடவில்லை. அந்த வருடம் புரட்டாசி அன்னதானம் நடந்ததே பெரிய பாடு.

#15 மண்டபச் செயலாளர் (சாட்ஸ்வொர்த்)

கணக்குப்பிள்ளை அண்ணன் எங்கள் கமிட்டிக்குள் வந்து உட்கார்ந்து பார்த்தது போல எழுதியிருக்கிறார்! தலைவர் தன் சொந்த ஈமெயிலில் எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார். பொருளாளர் ஒத்துக்கொள்ளவில்லை.

#16 மாரிட்ஸ்பர்க் வக்கீல்

பொருளாளர் சொல்வது சரி. ரெஜிஸ்ட்ரன்ட் என்ற இடத்தில் கோயிலின் சட்டப்படியான முழுப் பெயர், என்பிஓ எண்ணில் உள்ளபடி. எந்த மனிதர் பெயரும் வேண்டாம். தலைவர் பெயர் தொடர்புக்கு மட்டும். இதைத் தீர்மானமாக எழுதி மினிட்ஸில் ஏற்றுங்கள். நாளைக்குத் தகராறு வந்தால் ரெஜிஸ்ட்ராரும் சரி, நீதிபதியும் சரி, முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.

#17 ஜோபர்க் நிரலன் (லெனேசியா)

வக்கீல் ஐயா சொன்னதோடு நடைமுறை கொஞ்சம். பதவிக்கென்று ஒரு புது ஈமெயில், கோயில் டொமைனுக்கு வெளியே. அதற்கு ஆப் மூலம் இரட்டைச் சரிபார்ப்பு. ஆப் செட் செய்யும்போது கொடுக்கும் மீட்புக் குறியீடுகளைத் தாளில் அச்சடித்து, உறையில் போட்டு, நகை வைக்கும் லாக்கரில் வையுங்கள். பாஸ்வேர்டு செயலாளரிடம், உறை பொருளாளரிடம். கமிட்டி மாறுகிற அன்றைக்கே பாஸ்வேர்டும் மாற வேண்டும்.

டாட் ஆர்க்கை மாற்றுவதில் ஒரு வரிசை முக்கியம். ஆஸ்திரேலியத் தம்பி நல்லவனாகத் தெரிகிறான், ஆனாலும் அவசரப்பட்டுப் பெயர், ஈமெயில், ரெஜிஸ்ட்ரார் மூன்றையும் ஒரே நாளில் மாற்றக் கேட்காதீர்கள். ரெஜிஸ்ட்ரன்ட் பெயரோ ஈமெயிலோ மாறினால் 60 நாள் வேறு ரெஜிஸ்ட்ராருக்குப் போக முடியாமல் பூட்டு விழலாம். சில இடங்களில் முன்கூட்டியே கேட்டால் அந்தப் பூட்டைத் தவிர்க்கலாம், சிலர் தரமாட்டார்கள். காலாவதி அந்த 60 நாளுக்குள் வந்தால் முதலில் இருக்கிற இடத்திலேயே புதுப்பித்துவிட்டு மற்றதைத் தொடங்குங்கள். தவறவிட்டால் டாட் ஆர்க்கில் நீக்கப்பட்ட பிறகு 30 நாள் மீட்புக் காலம் உண்டு. அதில் மீட்க ரெஜிஸ்ட்ரார் கேட்கிற தொகை வழக்கமான கட்டணத்தைப் போலப் பல மடங்கு. அதற்கும் பிறகு 5 நாள், அப்புறம் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொரு வழி, அவன் இருக்கும் அதே ரெஜிஸ்ட்ராரில் நீங்களும் கணக்குத் திறந்து, அவன் தன் கணக்கில் உள்ள டொமைனை உங்கள் கணக்குக்குத் தள்ளிவிடுவது. ரெஜிஸ்ட்ரார் மாறாததால் கோடு, காத்திருப்பு எதுவும் பெரும்பாலும் தேவைப்படாது. எனக்கு இதுதான் பிடிக்கும்.

அவன் இத்தனை வருடம் கட்டிய பணத்தையும் கொடுத்துவிடுங்கள் அண்ணே.

#18 மண்டபச் செயலாளர் (சாட்ஸ்வொர்த்)

கூட்டம் முடிந்தது. கடிதத்தை எல்லோர் கையிலும் கொடுத்தோம். பூதக்கண்ணாடியும் கூடவே போனது. பணம் கட்டுவதில்லை என்று தீர்மானம். வக்கீல் ஐயா சொன்ன வாசகம் அப்படியே மினிட்ஸில் ஏறியது. தலைவர் கொஞ்சம் முகத்தைத் தூக்கிக்கொண்டார், பிறகு கையெழுத்துப் போட்டார்.

ஆஸ்திரேலியத் தம்பியிடம் வாட்ஸ்அப்பில் பேசினேன். அதே ரெஜிஸ்ட்ராரில் கணக்குத் திறக்கச் சொன்னான், இரவோடு இரவாகப் பெயரைத் தள்ளிவிட்டான். பணம் வேண்டாம் என்கிறான். அவன் ஆயா பெயரில் ஒரு நாள் அன்னதானம் வைக்கச் சொல்லியிருக்கிறான். வைக்கிறோம்.

கோ.இசட்ஏ இன்னும் நிற்கிறது. காலமான ஐயாவின் மகளைப் பார்த்தோம், எக்ஸிகியூட்டர் அவர்தான், கடிதம் தருகிறேன் என்றார். ரெஜிஸ்ட்ரார் ஆவணங்களைக் கேட்டு ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறார்கள். நீளம் அதிகம், ஆனால் வக்கீல் ஐயா எழுதிய பட்டியல்தான் ஏறக்குறைய.

ஒரு கேள்வி பாக்கி. அந்தப் பெயர் இப்போது யாரும் பார்க்காத ஈமெயிலில் இருக்கிறதே, ஆவணம் முடிகிற வரைக்கும் என்ன செய்வது?

#19 ஜோபர்க் நிரலன் (லெனேசியா)

டாட் ஆர்க் இப்போது உங்கள் கையில். அந்த ஈமெயில் டாட் ஆர்க் டொமைனில் உள்ள முகவரியா, கோ.இசட்ஏ டொமைனில் உள்ளதா? டாட் ஆர்க் என்றால் மெயில் ஹோஸ்டிங்கில் நிர்வாகியாக லாகின் செய்து அந்தப் பெட்டிக்குப் புது பாஸ்வேர்டு போடலாம், இன்றைக்கே வேலை முடியும்.

#20 மண்டபச் செயலாளர் (சாட்ஸ்வொர்த்)

டாட் ஆர்க்தான்! மெயில் ஹோஸ்டிங் லாகினும் அந்தத் தம்பியிடமே இருந்தது, அனுப்பிவிட்டான். பெட்டியைத் திறந்தோம். படிக்காத மெயில் ஆயிரக்கணக்கில். அதில் இரண்டு, கோ.இசட்ஏவுக்கு வந்த உண்மையான புதுப்பித்தல் நினைவூட்டல். கடைசித் தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறது, பொருளாளர் ரெஜிஸ்ட்ராரின் தளத்தில் சரிபார்த்து நாளைக் காலையில் கட்டுகிறார்.

#21 டொங்காட் பையன்

டெலீட் செய்யாமல் விட்டது நல்லதாகப் போயிற்று அண்ணே 😅 என் கடை டொமைனுக்கும் பூட்டு இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. ரெஜிஸ்ட்ரார் பக்கத்தில் எங்கே இருக்கும் அது?

#22 ஓவர்போர்ட் கேட்டரிங் அக்கா

டொமைன் செட்டிங்ஸில் "டிரான்ஸ்ஃபர் லாக்" என்று ஒரு சுவிட்ச் இருக்கும் தம்பி. ஆன் செய். இரட்டைச் சரிபார்ப்பு பெரும்பாலும் அக்கவுண்ட் செட்டிங்ஸில் இருக்கும், அதையும் போட்டுவிடு.